நூறு வரை சொல்லுவான், ஏழு எடுத்துத் தர மாட்டான்

பள்ளி திறந்து இரண்டாவது நாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த ஒரு அம்மா பையனை முன்னால் தள்ளி நிறுத்தி, "மிஸ், இவன் நூறு வரைக்கும் சொல்லுவான், கேட்டுப் பாருங்க" என்றார். பையனும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சு விடாமல் ஒரே தாளத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லி முடித்தான். நடுவில் ஐம்பத்தெட்டைக் காணோம், அது பரவாயில்லை. மேசைமேல் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை இருந்தது. "கண்ணு, இதுல இருந்து ஏழு எடுத்துக் குடு" என்றேன். இரண்டு கையாலும் அள்ளி என் முன்னால் கொட்டினான். "ஏழா இது?" "ஆமா மிஸ்." "எண்ணிக் காட்டு." எண்ண ஆரம்பித்தான். பதினொன்று, பன்னிரண்டு என்று போனது. கொட்டை தீர்ந்துவிட்டது, அவன் வாய் மட்டும் நிற்கவே இல்லை. அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. எனக்கே சங்கடமாகிவிட்டது, ஏனென்றால் இதே மாதிரி ஒப்பித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் "வெரி குட்" போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தர்மபுரி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் எல்லாம் சேர்த்து ஒரே அறை, நான் ஒருத்திதான் டீச்சர். முதல் நாலைந்து வருடம் என் கணக்கு வகுப்பு எப்படி இருந்தது என்றால், நான் பலகையில் குச்சி வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொடுவேன், பிள்ளைகள் கூரை அதிரக் கத்துவார்கள், பக்கத்து அறை சாரே வந்து "நல்லா படிக்கிறாங்க போல" என்பார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி அப்புறம் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கும் வந்தபோது, அட்டைகளும் மணிகளும் வந்தன. மணிகளை நான் பீரோவில் பூட்டி வைத்தேன், தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயம். அட்டையை மட்டும் கொடுத்தேன். அந்தத் தவறு புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அந்தப் பையனுக்குப் பிறகுதான், சேர்க்கைக்கு வரும் எந்தப் பிள்ளையிடமும் "எத்தனை வரை தெரியும்" என்று கேட்பதை நிறுத்தினேன். "எடுத்துக் குடு" என்று மட்டும் கேட்கிறேன். முதலில் இரண்டு, அப்புறம் நான்கு, அப்புறம் ஏழு. கேரன் வின் என்ற உளவியலாளர் 1990 வாக்கில் சின்னக் குழந்தைகளிடம் இதே மாதிரி கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று கேட்டால் சரியாகத் தரும் குழந்தை இரண்டு கேட்டால் ஒரு கை அள்ளித் தருமாம், கொஞ்ச மாதம் கழித்து இரண்டைச் சரியாகத் தருமாம், அப்புறம் மூன்று. அப்படி ஒவ்வொன்றாக ஏறி, ஒரு கட்டத்தில் சட்டென்று விஷயம் பிடிபட்டுவிடும், அதற்கு மேல் எத்தனை கேட்டாலும் எண்ணி எடுத்துத் தரும். என் வகுப்பில் பார்த்ததும் ஏறக்குறைய இதேதான். ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருவரோ இருவரோ இன்னும் மூன்று, நான்கிலேயே நிற்கிறார்கள், வாய் மட்டும் நூறைத் தாண்டியிருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பிள்ளை எட்டுக் கொட்டையைச் சரியாகவே எண்ணி முடிக்கும். "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் பெயர் என்பது அதற்கு இன்னும் தெரியாது. அதற்கு எண்ணுவது ஒரு பாட்டு, "எத்தனை?" என்றால் "பாட்டை இன்னொரு தரம் பாடு" என்று அர்த்தம்.

தமிழில் எண்ணும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது, இதை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை, ஒரு மதியம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தட்டுப்பட்டது. ஒரு பெண் பத்துக் கொட்டையை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். முடிவில் "அஞ்சு" என்றாள். நான் அவள் விரலை உற்றுப் பார்த்தேன். 'ஒண்' என்னும்போது ஒரு கொட்டை, 'ணு' என்னும்போது அடுத்த கொட்டை. 'ரெண்', 'டு', இன்னும் இரண்டு. நம் எண்களில் 'ஒம்பது' தவிரப் பத்து வரைக்கும் எல்லாமே பேச்சில் இரண்டு தட்டு தட்டுகிற சொற்கள்தானே, அதனால் பத்துக் கொட்டை கச்சிதமாக ஐந்தாகிவிட்டது. சரி, இங்கிலீஷில் எண்ணு பார்க்கலாம் என்றேன். 'செவன்' மட்டும் இரண்டு கொட்டையைத் தின்றது, முடிவு "நைன்". அதே பத்துக் கொட்டை, தமிழில் ஐந்து, இங்கிலீஷில் ஒன்பது, அவளுக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

இதற்கு நான் கண்ட வழி, தொட்டு எண்ணவே விடாமல் எடுத்து வைத்து எண்ண வைப்பது. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன், அதுதான் தண்ணீர் ஓடுகிற ஆறு. இந்தப் பக்கம் இருக்கும் கொட்டையெல்லாம் ஆடு. ஒவ்வொரு ஆடாகப் பிடித்து ஆற்றைத் தாண்டி வைக்க வேண்டும், கை கொட்டையை விடும்போதுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். தொடுவதற்கு அரை நொடிகூட ஆகாது, எடுத்து வைக்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் வாய் கைக்காகக் காத்திருக்கிறது. எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பமும் போய்விடுகிறது, தாண்டியதெல்லாம் எண்ணியாயிற்று. எல்லாம் தாண்டியதும் ஒரு கையால் அத்தனையையும் சுற்றி வளைத்துக் காட்டி "அக்கரையில எத்தனை ஆடு?" என்று கேட்க வேண்டும். வளைக்கும் அந்தக் கை முக்கியம், நான் அதை விட்டுவிட்ட நாட்களில் பிள்ளைகள் கடைசிக் கொட்டையை மட்டும் காட்டி "இதுதான் எட்டு" என்றார்கள்.

இந்த ஆடு விளையாட்டில்தான் ஒருவன் என்னிடம் அநியாயமாகத் திட்டு வாங்கினான். முதல் ஆட்டைத் தாண்ட வைத்து "லாபம்" என்றான். அடுத்தது "ரெண்டு", "மூணு". "ஒண்ணுன்னு சொல்லுடா" என்று அதட்டினேன். அவன் மறுபடி "லாபம்". பக்கத்தில் இருந்த சத்துணவு ஆயா சிரித்துவிட்டார். "அவங்க தாத்தா ராகி அளக்கும்போது அப்படித்தான் மிஸ் எண்ணுவாரு." எனக்கு வெட்கமாகிவிட்டது. களத்தில் தானியம் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்னாமல் லாபம் என்று சொல்லி ஆரம்பிப்பது எங்கள் வீட்டிலும் இருந்ததுதான், நான்தான் மறந்துபோயிருந்தேன். அந்தப் பையன் ஒரு கொட்டைக்கு ஒரு சொல் என்று வைத்தான், தினமும் அதே வரிசையில் சொன்னான், முடிவில் மொத்தத்தையும் சரியாகச் சொன்னான். எண்ணுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் எண்ணுவதற்கு ஐந்து விதி சொன்னார்கள்: ஒரு பொருளுக்கு ஒரு சொல், மாறாத வரிசை, கடைசிச் சொல்லே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். முதல் சொல் 'ஒன்று' ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ராகி அளக்கும் தாத்தா ஐந்து விதிக்கும் பொருந்துகிறார். நூறு வரை ஒப்பித்த பையன் இரண்டாவதில் பாதியோடு நின்றுவிட்டான், ஐம்பத்தெட்டு நினைவிருக்கிறதா.

எண்ணாமல் பார்த்த உடனே சொல்வது என்று ஒன்று இருக்கிறது. மூன்று, நான்கு பொருள் வரை யாருக்கும் எண்ணத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும். இதற்கு எங்கள் பாட்டிகள் எப்போதோ பயிற்சி வைத்திருக்கிறார்கள், பல்லாங்குழி. பதினான்கு குழி, கையில் இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். போகிற வழியில் ஏதாவது குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டால் அடுத்த சுற்றில் ஐந்தாகிவிடும், பசு போச்சு. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் கழுகு மாதிரி குழியையே பார்த்துக்கொண்டிருக்கும், எங்கே மூன்று இருக்கிறது, எது நான்காகப் போகிறது என்று. எண்ணிக்கொண்டிருக்க நேரமே இல்லை. பல்லாங்குழிப் பலகை இல்லாத வகுப்பில் என்ன செய்வது என்றால், முட்டை அட்டையை இரண்டு ஏழாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வெட்டப் போனேன். ஒரு பக்கம் ஆறு குழி, இன்னொரு பக்கம் ஐந்து, ஏழு எங்கே வரும்? இரண்டு துண்டை ஒட்டிச் சமாளித்தோம்.

பல்லாங்குழி போக, பாக்குமட்டைத் தட்டில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு தட்டைத் தூக்கிக் காட்டி, ஒரு கைதட்டு நேரத்தில் மறைத்துவிடுவேன். எத்தனை என்று கேட்பதோடு விடுவதில்லை, "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்பேன், இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஏழு பொட்டுக்கு ஒருவன் "மேல மூணு, கீழ நாலு" என்பான். இன்னொருத்தி "எட்டுல ஒண்ணு உதிர்ந்துடுச்சு" என்பாள். பூக்காரம்மா மகள் ஒருத்தி இருந்தாள், எட்டுப் பொட்டைக் காட்டினால் "ரெண்டு கண்ணி" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை, "எண்ணிச் சொல்லு" என்றேன். அவள் வீட்டில் பூக் கட்டும்போது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு முடிச்சு, அது ஒரு கண்ணி. அவள் கண்ணுக்கு உலகமே நான்கு நான்காகத் தெரிகிறது. பன்னிரண்டு மூன்று கண்ணி, பதினாறு நான்கு கண்ணி, அவள் அப்போதே பெருக்கிக்கொண்டிருந்தாள், நான் அவளை ஒன்று ஒன்றாக எண்ணச் சொல்லிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் உதிரிப் பூ வாங்கி வந்து அவளையே மற்ற பிள்ளைகளுக்குக் கண்ணி போடச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். பையன்கள் கட்டியது எல்லாம் உதிர்ந்துபோனது, கணக்கு மட்டும் நின்றது.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். "விரல் விடாதே, மனசுல போடு" என்று சொல்லி வளர்ந்தவள் நான், அதையே பிள்ளைகளிடமும் சொன்னவள். இப்போது சொல்வதில்லை. விரலை மறைக்கச் சொன்னால் பிள்ளைகள் மேசைக்கடியில் வைத்து எண்ணுவார்கள், காலை எண்ணுவார்கள், ஒருவன் பல்லை நாக்கால் தொட்டு எண்ணினான். பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற நாலு விரலின் கணுவையும் தொட்டுக்கொண்டே பன்னிரண்டு வரை ஒரே கையில் எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் யாரும் கணக்கில் மட்டமாக இல்லை. விரலில் எண்ணுவதில் குற்றமே இல்லை. ஆறும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் ஆறு விரலையும் முதலிலிருந்து விரிக்கிறார்களே, அதைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு நம் பள்ளிக்கூடங்களில் பரம்பரையாக ஒரு வாய்பாடு உண்டு: "பெரிய எண்ணை மனசுல வை, சின்ன எண்ணை விரல்ல வை." நல்ல வாய்பாடுதான். ஆனால் ஆறை மனதில் வைப்பது என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நெஞ்சில் கை வைத்து "ஆறு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் விரலை விரித்து முதல் விரலுக்கும் "ஆறு" என்பார்கள். ஆறு, ஏழு, எட்டு. விடை எட்டு. ஒன்று குறையும், எப்போதும் ஒன்று குறையும். நோட்டில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தேன், மாறவில்லை.

மாற்றியது ஒரு ஹார்லிக்ஸ் டப்பா. எல்லோரும் பார்க்க ஆறு சோடா மூடியை உள்ளே போட்டு மூடியைத் திருகிவிடுவேன். "உள்ள எத்தனை?" "ஆறு." டப்பாவை ஆட்டிக் காட்டுவேன், உள்ளே ஆறும் சலசலக்கும். மூடியில் முன்னரே ஒரு வெட்டு போட்டு வைத்திருக்கிறேன், உண்டியல் மாதிரி. இப்போது ஒரு சோடா மூடியை வெட்டு வழியாகப் போடுவேன், டங் என்று விழும். "இப்ப?" அந்தச் சத்தத்துக்கு யாரும் "ஆறு" என்று சொன்னதில்லை. ஆறு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, விழுந்தது புதுசு, அது ஏழு. டங், எட்டு. டங், ஒன்பது. திறந்து கொட்டி எண்ணிச் சரிபார்ப்பார்கள், சரியாக இருந்தால் ஒரு கூச்சல். நாலைந்து நாள் இப்படிப் போட்ட பிறகு, டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் கையால் போடுவது மாதிரி பாவனை செய்து வாயாலேயே "டங்" என்றேன். அதற்கும் எண்ணினார்கள். அப்புறம் டப்பாவையும் எடுத்துவிட்டேன், நெஞ்சில் கை வைத்து "உள்ள ஆறு" என்றேன். அன்றைக்குத்தான் 'மனசுல வை' என்பதற்கு அந்த அறையில் அர்த்தம் வந்தது. சுழியம்கூட இந்த டப்பாவில்தான் வந்தது, ஒன்றும் போடாமல் ஆட்டிக் காட்டினால் சத்தமே வராது, "ஒண்ணுமில்ல" என்பார்கள், அந்த ஒன்றுமில்லைக்கு ஒரு எழுத்து இருக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டினால் போதும். தாயக்கட்டையில் மட்டும் இரண்டு பக்கமும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு ஆகிவிடும், அதை விளக்கப் போய் நான் மாட்டிக்கொண்ட கதை இன்னொரு நாள்.

பத்துக்கு மேல் போவதுதான் பெரிய மலை. ஒரு வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் 25 என்று எழுதச் சொன்னால் 205 என்று எழுதினாள். பதினைந்தைக் கேட்டால் 105. கவனக்குறைவு என்று நினைத்து மூன்று முறை எழுத வைத்தேன், மூன்று முறையும் 205. யோசித்துப் பார்த்தால் அவள் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருக்கிறாள், இருபது, ஐந்து. 20, 5. பழைய தமிழ் எண்ணில் இருபத்தைந்தை ௨௰௫ என்றுதான் எழுதினார்கள், இரண்டு, பத்து, ஐந்து என்று சொல்லுகிற மாதிரியே. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இவள் எழுதியதில் பாதி சரி என்றே சொல்லியிருப்பார்கள். இடத்தை வைத்து மதிப்பு மாறும் என்பது பெரிய கண்டுபிடிப்பு, அதை ஆறு வயதில் ஒரு வாரத்தில் புரிந்துகொள் என்றால் எப்படி.

இதற்கு இரண்டு சாமான் வைத்திருக்கிறேன். ஒன்று ஈர்க்குச்சி. மான்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டில் சில பள்ளிகளில் பத்துப் பத்தாகக் கம்பியில் கோத்த மணிகள் உண்டு, பார்க்கவே ஆசையாக இருக்கும், விலை நமக்குக் கட்டாது. பழைய விளக்குமாறும் ரப்பர் பேண்டும் போதும். முதலில் நான் செய்த தப்பு, ராத்திரி உட்கார்ந்து முப்பது கட்டு நானே அழகாகக் கட்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் அந்தக் கட்டை ஒன்று என்றுதான் பார்த்தார்கள். இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் காட்டினால் "ஏழு". மறு வருடம் கட்டவே இல்லை, குச்சியைக் குவித்துப் போட்டு, "எத்தனை இருக்கும்னு எண்ணி வைங்க, நான் வந்துடுறேன்" என்று பாதியில் வெளியே போய்விட்டு வந்தேன். எண்ணிக்கொண்டே போய் எழுபதில் யாரோ தும்ம, எண் தவறிப்போய், முதலிலிருந்து ஆரம்பித்து, சண்டை. அப்போதுதான் ரப்பர் பேண்டைக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்று கட்டினால் தும்மினாலும் பரவாயில்லை என்று அவர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் கட்டை நம்ப மாட்டார்கள். அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவார்கள், அடுத்த நாளும் அவிழ்ப்பார்கள். விடுங்கள், அவிழ்க்கட்டும். மூன்றாவது வாரம் அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, பழைய கல்யாணப் பத்திரிகை. நல்ல கெட்டியான அட்டை, சும்மா கிடைக்கும். இரண்டு இலக்க அளவுக்கு நீளமாக வெட்டி 10, 20, 30 என்று 90 வரை, அதில் பாதி நீளத்துக்கு 1 முதல் 9 வரை. இருபது அட்டையின் சுழியத்தின்மேல் ஐந்து அட்டையை வைத்தால் 25. மேலே இருப்பதைத் தூக்கினால் கீழே சுழியம் ஒளிந்துகொண்டிருக்கும். 205 எழுதிய பெண் ஒரு நாள் முழுக்க அந்த ஐந்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், "சைபர் தூங்குது மிஸ்" என்றாள். அதற்குப் பிறகு 205 வரவில்லை என்று சொல்ல ஆசைதான், வந்தது, அவ்வப்போது, ஆனால் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிடுவாள்.

தொண்ணூறு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எண்பது வரை எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டு, ஒன்பது பத்துக்கு வரும்போது பெயரில் நூறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளைகள் எண்பத்தொன்பதுக்கு அப்புறம் "ஒம்பது பத்து" என்பார்கள், அல்லது நேராக நூறு. அவர்கள் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து, "இதுக்கு நூறு ஆக ஆசை, ஒரு கட்டு குறையுது, அதனால பேர்ல மட்டும் நூறு வெச்சிக்கிச்சு" என்று ஒரு கதை கட்டிவிடுகிறேன். மொழி அறிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

வகுப்பில் நடக்கும் எல்லாக் கணக்கையும்விட எங்களுக்குத் தினமும் நடக்கும் கணக்கு முட்டைக் கணக்கு. முட்டை அட்டையில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் முப்பது. காலையில் வருகை எடுத்து முடித்ததும் எத்தனை முட்டை அவிக்க வேண்டும் என்று ஆயாவுக்குச் சொல்லியாக வேண்டும், முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம், அது தனி. முன்பு நானே சீட்டு எழுதி அனுப்புவேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து, வந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சோடா மூடியை ஒரு காலி முட்டை அட்டையில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். முதல் மாதம் ஒவ்வொரு குழியாக எண்ணினார்கள். அப்புறம் வரிசை வரிசையாக, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. ஒரு நாள் அந்த நூறு வரை ஒப்பித்த பையன், அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இருபத்தேழு" என்றான். எண்ணவே இல்லை. எப்படிடா என்றேன். "மூணு குழி சும்மா இருக்கு." நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பாகச் சொன்ன நாளும் உண்டு, ஒரு முட்டை குறைந்து கடைசியில் நின்ற பெண்ணுக்கு இல்லாமல் போய், அவள் அழ, எண்ணிய இருவரும் தலைகுனிந்து நிற்க, ஆயா தன் பங்கிலிருந்து ஏதோ சமாளித்தார். மறுநாள் இருவரும் மூன்று முறை எண்ணினார்கள். நான் போட்ட எந்தச் சிவப்புச் சுழிக்கும் அந்த வேகம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், எனக்குக் கை நடுங்கிய நாள் அது. அக்காவோடு வந்து உட்கார்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தை ஒரு புளியங்கொட்டையை மூக்கில் நுழைத்துக்கொண்டது. நான் எடுக்கிறேன் பேர்வழி என்று விரலை விடப்போனேன், ஆயா என் கையைத் தட்டிவிட்டார், உள்ளே போய்விடும் என்று. யாருடைய வண்டியிலோ ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டாக்டர் ஒரு கருவியால் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டார், எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் இல்லை. அதிலிருந்து சின்னக் குழந்தைகள் வந்துபோகும் நேரத்தில் கொட்டையே வெளியே வராது, உள்ளங்கை அளவு கூழாங்கல்லும் தேங்காய்த் தொட்டியும்தான். மற்ற நேரத்தில் ஒரு பைக்கு இருபது கொட்டை, தரும்போதும் எண்ணுவது, திரும்ப வாங்கும்போதும் எண்ணுவது. பயத்தில் ஆரம்பித்த வேலை, இப்போது அதுவே பாடமாகிவிட்டது: பையில் பதினெட்டு இருந்தால் எத்தனையைத் தேட வேண்டும் என்று எல்லோரும் குனிந்து பெஞ்சுக்கடியில் தேடுகிறார்கள்.

2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். அது எனக்கு வசதியாகப் போயிற்று, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கூச்சமில்லாமல் அரும்போடு உட்கார்ந்து ஆடு தாண்ட வைக்க ஒரு காரணம் கிடைத்தது. வீட்டில் செய்வதற்கு என்ன சொல்லுங்கள் மிஸ் என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் நோட்டு வாங்கச் சொல்வதில்லை, போனில் எண் பாட்டு போடாதீர்கள் என்றும் சண்டை போடுவதில்லை. மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள், அந்த நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஐந்து ஓட்டில் எத்தனை கொட்டை வருமென்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், அப்புறம் எண்ணட்டும் என்பேன். சாப்பிட உட்காரும்போது தட்டு எடுத்து வரச் சொல்லுங்கள், எத்தனை தட்டு என்று நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு பேர் கூட வந்திருந்தால் இன்னும் நல்லது.

ராகி தாத்தாவின் பேரன், அந்த லாபம் பையன், அவர்கள் வீட்டில் ஆடும் உண்டு. போன மாதம் தாத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார், முகம் சரியில்லை. பையன் தினமும் சாயங்காலம் பட்டி வாசலில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒவ்வொரு ஆடும் தாண்டும்போது எண்ணுகிறானாம். "எங்க அப்பன் காலத்துல இருந்து நாங்க ஆட்டை எண்ணுனது கிடையாதும்மா. எண்ணுனா குறையும். பார்த்தாலே தெரியும் எது வரலைன்னு." நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "எத்தனைன்னு சொல்றான்?" என்று கேட்டேன்.

"இருபத்தி மூணுங்கறான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சரியாத்தான் சொல்றான்" என்றார்.